தழும்பேறும் நுரையீரலும் கணிப்பின் அகலமும்

மனித நுரையீரலில் ஏறத்தாழ 48 கோடிக் காற்றுநுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர் பல இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன்கூட இருக்காது. அந்தச் சுவரைக் கடந்துதான் ஆக்சிஜன் இரத்தத்தில் சேர்கிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. நுரையீரல் ஃபைப்ரோசிஸ் என்னும் பொதுப்பெயரில் அடங்கும் நோய்களில், இந்தச் சுவர்களிலும் அவற்றுக்கு இடைப்பட்ட திசுவிலும் கொலாஜென் நார் படிந்து தழும்பாகிறது. தழும்பேறிய நுரையீரல் விறைத்துப்போகிறது. அதை விரிக்க மார்புத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். உள்ளே போன காற்றிலிருந்து ஆக்சிஜனும் எளிதில் கடந்துவிடாது. தழும்பாகிவிட்ட பகுதி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

இந்த நோய்களில் அதிகம் ஆராயப்பட்டது, காரணம் கண்டறியப்படாத இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ். மருத்துவர்கள் சுருக்கமாக ஐபிஎஃப் என்பார்கள். பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு வருகிறது. பெண்களைவிட ஆண்களிடமும், புகைபிடித்தவர்களிடமும் அதிகம். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, விரல் நுனி பருப்பது ஆகியவை அறிகுறிகள். முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால், வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஒலி வரும். சிகிச்சை இல்லாத நிலையில், நோய் உறுதிப்பட்ட நாளிலிருந்து பாதிப்பேர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது.

ஆனால் இந்தச் சராசரி ஒரு தனி நோயாளிக்கு அதிகம் சொல்வதில்லை. ஒரே வயது, ஒரே அளவு மூச்சுத்திறன், கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஸ்கேன் உள்ள இருவரில் ஒருவர் ஆறு ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி இருப்பார். மற்றவர் ஓராண்டுக்குள் ஆக்சிஜன் சிலிண்டரை நம்பி வாழ வேண்டியிருக்கும். மூன்றாவது வகையினர் நெடுநாள் நிலையாக இருந்து, ஒரு வாரத்தில் சடாரென்று சரிவார்கள். இந்த மூவரையும் முதல் சந்திப்பிலேயே பிரித்தறிய முடியுமா என்பதுதான் செயற்கை நுண்ணறிவின் முன் வைக்கப்பட்ட கேள்வி.

மரபணுவில் விடை கிடைக்கும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். 2011இல் சளிப் புரதம் ஒன்றை ஆக்கும் எம்யுசி5பி என்ற மரபணுவின் ஒரு மாற்றுவடிவம் இந்நோயின் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது என்று தெரியவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த முடிவு எல்லோரையும் குழப்பியது. அதே மாற்றுவடிவம் உள்ள நோயாளிகள், இல்லாதவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். ஒருவருக்கு நோய் வருமா என்ற கேள்வியும், வந்த நோய் எவ்வளவு வேகமாக ஓடும் என்ற கேள்வியும் வேறுவேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை.

வேகத்தை முன்கூட்டியே அறிவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு 2014 வரை சரியான பதில் இல்லை. அதுவரை வழக்கத்தில் இருந்த சிகிச்சை பிரெட்னிசோன், அசதியோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் ஆகிய மூன்றின் கூட்டு. அதைச் சோதித்த அமெரிக்க ஆய்வில் மருந்து பெற்றவர்களிடையே இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடியதால், 2011இல் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். 2014 அக்டோபரில் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரே நாளில் ஒப்புதல் அளித்தது. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்கின்றன. நின்டெடானிப்பின் முதன்மை ஆய்வுகளில் ஒன்றில், மருந்து பெறாதவர்களின் மூச்சுத்திறன் ஆண்டுக்குச் சுமார் 240 மி.லி. குறைந்தது. மருந்து பெற்றவர்களுக்கு அது சுமார் 115 மி.லி. மருந்தின் வேலையே வேகத்தைக் குறைப்பது என்று ஆனபின், வேகத்தை அளப்பதும் முன்கூட்டிச் சொல்வதும் சிகிச்சையின் நடுவே வந்து அமர்ந்தன.

மி.லி. என்று இங்கே சொல்லப்படுவது எஃப்விசி என்னும் அளவு. நோயாளி முழு மூச்சை இழுத்து, ஸ்பைரோமீட்டர் குழாய்க்குள் முழு பலத்தோடு கடைசிவரை ஊதித் தள்ளும் காற்றின் மொத்தக் கொள்ளளவு அது. ஆரோக்கியமான பெரியவருக்கு இது வயதோடு ஆண்டுக்கு 20 முதல் 30 மி.லி. வரை தானாகவே குறையும். நோயாளியின் எண்ணை, அதே வயது, பாலினம், உயரம் உள்ள நலமானவரின் எதிர்பார்ப்பு அளவோடு ஒப்பிட்டு விழுக்காடாகவும் சொல்வார்கள். எஃப்விசி ஆறு மாதத்தில் பத்து விழுக்காடு குறைந்தால் ஆபத்து என்பது பழைய, இன்றும் நம்பத்தக்க விதி.

இந்த அளவின் பலவீனம் அது நோயாளியின் முயற்சியைச் சார்ந்திருப்பது. நடுவில் இருமல் வந்தாலும், உதடு சரியாக மூடாவிட்டாலும், கடைசித் துளிக் காற்றைத் தள்ளுவதற்குள் சோர்ந்துவிட்டாலும் எண் குறையும். ஒரே அமர்வில் எடுத்த இரண்டு சிறந்த ஊதல்கள் 150 மி.லி.க்குள் ஒத்திருந்தால் போதும் என்கின்றன அமெரிக்க, ஐரோப்பியச் சங்கங்களின் விதிகள். நோய் ஓராண்டில் பறிக்கும் அளவும் கருவியும் ஊதலும் சேர்ந்து தரும் பிழையும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன என்பதை இந்த அத்தியாயம் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எந்தக் கணினி நிரலும் தான் கற்கும் எண்ணைவிடத் துல்லியமாக இருக்க முடியாது.

அடிக்கடி அளந்தால் பிழை குறையும் என்ற எண்ணத்தில், கையடக்க ஸ்பைரோமீட்டரை நோயாளியின் வீட்டுக்கே கொடுத்து தினமும் ஊதச் சொல்லும் முயற்சிகளும் நடந்தன. 2019இல் வெளியான ஒரு பிர்ஃபெனிடோன் ஆய்வு இந்த வீட்டு அளவீட்டையே முதன்மை இலக்காக வைத்திருந்தது. வந்த எண்கள் அவ்வளவு தாறுமாறாக ஏறி இறங்கியதால், முன்பே திட்டமிட்ட புள்ளியியல் முறையைப் பயன்படுத்தவே முடியாமல் போயிற்று. தரவு பெருகினால் தெளிவும் பெருகும் என்பது எப்போதும் நடப்பதல்ல.

கணினி வருவதற்கு முன்பே கணிப்பு இருந்தது. அதில் இன்றும் நிலைத்திருப்பது 2012இல் பிரெட் லேயும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட காப் குறியீடு. ஆண் என்றால் ஒரு புள்ளி. வயது 61 முதல் 65 வரை என்றால் ஒன்று, அதற்கு மேல் இரண்டு. எஃப்விசி எதிர்பார்ப்பில் 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஒன்று, 50க்கும் குறைந்தால் இரண்டு. கார்பன் மோனாக்சைடு எவ்வளவு எளிதாக நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் கடக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு அதிகபட்சம் மூன்று புள்ளிகள். அந்தச் சோதனையைச் செய்யவே முடியாத அளவு மூச்சுத்திணறல் உள்ளவருக்குத்தான் அந்த முழு மூன்று. கூட்டுத்தொகை எட்டுக்குள் அடங்கும், அதைக் கொண்டு நோயாளிகளை மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் உள்ளவர்களில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 5.6 விழுக்காடு, இரண்டாம் நிலையில் 16.2, மூன்றாம் நிலையில் 39.2. விரல்விட்டு எண்ணிச் செய்யக்கூடிய இந்தக் கணக்கைத் தெளிவாக மிஞ்சினால்தான் ஒரு நிரலுக்கு மருத்துவமனையில் இடம் உண்டு. மிஞ்சுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

காப் குறியீட்டில் இல்லாதது படம். ஐபிஎஃப்பை உறுதிப்படுத்த எடுக்கும் உயர்துல்லிய சிடி ஸ்கேன், மார்பை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனான துண்டுகளாகக் காட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. காற்றுக்கு −1000, நீருக்கு 0. நலமான நுரையீரல் பெரும்பாலும் −850ஐ ஒட்டி நிற்கும். தழும்பு ஏற ஏற எண் பூஜ்ஜியத்தை நோக்கி நகரும். கதிரியக்க நிபுணர் எண்ணைப் பார்ப்பதில்லை, வடிவத்தைப் பார்க்கிறார். நுரையீரலின் அடிப்பகுதியில், வெளி ஓரத்தை ஒட்டி, அடுக்கடுக்காகச் சிறு குழிகள் சேர்ந்த தேன்கூட்டு வடிவம் இருக்கிறதா, வலைபோன்ற கோடுகள் உண்டா, மூச்சுக்குழாய்கள் தழும்பால் இழுபட்டு அகன்றிருக்கின்றனவா என்று தேடுகிறார். சிக்கல் என்னவென்றால், அனுபவமுள்ள நிபுணர்களே தேன்கூடு எது, எது இல்லை என்பதில் நடுத்தரமான அளவுக்குத்தான் ஒத்துப்போகிறார்கள். தொடக்க நிலைப் படங்களில் கருத்து வேறுபாடு இன்னும் பெருகும்.

படத்திலிருந்து எண் எடுக்கும் முயற்சிகளில் முன்னோடி, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் உருவான காலிப்பர் என்னும் நிரல். அது நுரையீரல் முழுவதையும் பக்கத்துக்கு 15 புள்ளிகள் கொண்ட சிறு கனசதுரங்களாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் உள்ள அடர்த்தி எண்களின் பரவலைக் கொண்டு இது நலமான திசுவா, மங்கல் பகுதியா, வலைக்கோடா, தேன்கூடா என்று வகைப்படுத்துகிறது. இறுதியில் ஒவ்வொரு வகையும் நுரையீரலில் எத்தனை விழுக்காடு என்று சொல்லிவிடும். இது ஆழ்கற்றல் அல்ல. மனிதர் வரையறுத்த வகைகளை ஓய்வின்றி, அலுப்பின்றி எண்ணும் வேலை.

அந்த எண்ணிக்கையில் ஒரு வியப்பு காத்திருந்தது. லண்டனில் ஜோசப் ஜேக்கப்பும் கூட்டாளிகளும் காலிப்பர் தந்த எல்லா அளவுகளையும் நோயாளிகளின் ஆயுளோடு ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். இறப்பை வலுவாகக் கணித்த அளவுகளின் வரிசையில் முன்னால் வந்து நின்றது தேன்கூடு அல்ல, நுரையீரலுக்குள் இரத்தக்குழாய்கள் போலத் தெரியும் அமைப்புகளின் மொத்தக் கொள்ளளவு. எந்தக் கதிரியக்க நிபுணரும் அதுவரை அதை மதிப்பிட்டதில்லை. கண்ணால் அதை அளவிட முடியாது என்பதே காரணம். ஏன் அப்படி என்பதற்கு விளக்கங்கள் சொல்லப்பட்டன. விறைத்த நுரையீரலை விரிக்க மார்புக்குள் உருவாகும் கூடுதல் எதிர்மறை அழுத்தம் குழாய்களை அகலப்படுத்தியிருக்கலாம். தழும்பேறிய பகுதியிலிருந்து விலகிய இரத்தம் நலமான பகுதிக்குப் பாய்ந்து அங்குள்ள குழாய்களைப் பருக்க வைத்திருக்கலாம். குழாயை ஒட்டிய தழும்பையும் நிரல் குழாய் என்றே எண்ணியிருக்கலாம். விளக்கம் எதுவானாலும், இந்தத் துறையில் கணினி மனிதரின் வேகமான நகல் மட்டுமல்ல என்பதற்கு இதுவே முதல் வலுவான சான்று.

ஆழ்கற்றல் இதில் நுழைந்தது அடுத்த ஆண்டில். நரம்பணு வலையிடம் வலைக்கோடு என்றால் என்ன, தேன்கூடு என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. படத்தையும் விடையையும் மட்டும் கொடுப்பார்கள். தன் விடை தவறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு, எதைப் பார்க்க வேண்டும் என்பதை அது தானே கண்டுகொள்கிறது. சைமன் வால்ஷ் தலைமையில் 2018இல் வெளியான ஆய்வு 1,157 ஸ்கேன்களைப் பயன்படுத்தியது. அதில் பயிற்சிக்கு ஒதுக்கிய ஒவ்வொரு ஸ்கேனிலிருந்தும் நான்கு துண்டுகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்து, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பயிற்சிப் படங்களை உருவாக்கினார்கள். பிறகு 150 படங்களை நிரலுக்கும் 91 மார்புக் கதிரியக்க நிபுணர்களுக்கும் கொடுத்தார்கள். நிரல் 73.3 விழுக்காடு சரியாகச் சொன்னது. நிபுணர்களின் இடைநிலை அளவு 70.7. நிரல் எடுத்துக்கொண்ட நேரம் இரண்டே கால் வினாடி சொச்சம். நிரல் ஐபிஎஃப் வடிவம் என்று சொன்ன நோயாளிகள் மற்றவர்களைவிட எவ்வளவு விரைவில் இறந்தார்கள் என்று பார்த்தபோது, 91 பேரின் பெரும்பான்மைத் தீர்ப்பு காட்டிய வேறுபாடும் நிரல் காட்டிய வேறுபாடும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

செய்தித்தாள்கள் இதை இயந்திரம் மருத்துவரை வென்ற கதையாக்க விரும்பும். உண்மையில் அந்த நிரலுக்கு விடைத்தாளாக இருந்தது மனிதத் தீர்ப்புதான். நிபுணர் எதை ஐபிஎஃப் வடிவம் என்றாரோ அதையே அது கற்றது. எனவே நிபுணர்கள் காணாத எதையும் காண அதற்குக் காரணமில்லை. நோயின் போக்கைக் கணிக்க வேண்டுமானால், விடைத்தாளில் நிபுணரின் கருத்துக்குப் பதிலாக நோயாளிக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதை எழுத வேண்டும். எத்தனை மாதம் வாழ்ந்தார், எஃப்விசி எவ்வளவு குறைந்தது என்பவையே அங்கே விடைகள். அதே குழு பின்னர் சோஃபியா என்ற பெயரில் உருவாக்கிய நிரல், ஆம் அல்லது இல்லை என்று பிரிப்பதற்குப் பதிலாக நிகழ்தகவு தருகிறது. ஆஸ்திரேலிய ஐபிஎஃப் பதிவேட்டில் அதைச் சோதித்தபோது, நிபுணர்கள் தீர்மானிக்க முடியவில்லை என்று விட்ட படங்களிலும் அந்த நிகழ்தகவு இறப்பு அபாயத்தோடு சேர்ந்தே நகர்ந்தது.

எதிர்கால எஃப்விசியை நேரடியாகக் கணிக்கும் பெரிய பொதுச் சோதனை 2020 ஜூலையில் தொடங்கி அக்டோபரில் முடிந்தது. ஓசிக் எனப்படும் திறந்த படத்தரவுக் கூட்டமைப்பு, காகிள் போட்டித்தளத்தில் 55,000 டாலர் பரிசுடன் அதை நடத்தியது. 2,097 அணிகள் கலந்துகொண்டன. பயிற்சிக்குக் கொடுத்தது வெறும் 176 நோயாளிகளின் விவரம். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் எடுத்த ஒரு சிடி ஸ்கேன், வயது, பாலினம், புகைப்பழக்கம், அதன்பின் ஒன்று முதல் இரண்டு ஆண்டுவரை எடுத்த எஃப்விசி எண்கள். புதிய நோயாளியின் ஸ்கேனையும் முதல் எஃப்விசியையும் கொண்டு, அவருடைய கடைசி மூன்று வருகைகளின் எண்ணைச் சொல்ல வேண்டும்.

அந்தப் போட்டியில் மிக நுட்பமாக வடிவமைக்கப்பட்டது மதிப்பெண் முறை. எண்ணை மட்டும் சொன்னால் போதாது. அந்த எண்ணில் எவ்வளவு நம்பிக்கை என்பதையும், எத்தனை மி.லி. விலகலாம் என்ற அகலமாகச் சொல்ல வேண்டும். 70 மி.லி.க்குக் குறைவான அகலம் சொன்னாலும் 70 என்றே கொள்ளப்படும். ஊதும் சோதனையே அதைவிடத் துல்லியமானதல்ல என்பதால் அந்தத் தளம் நியாயமானது. மதிப்பெண் எப்போதும் எதிர்மறை எண். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. ஓர் அணி 2,500 மி.லி. என்று கணித்து, அகலம் 70 என்று உறுதியாகச் சொல்கிறது என்று கொள்வோம். உண்மை எண் 2,450 என்றால் மதிப்பெண் சுமார் −5.6. அதே கணிப்புக்கு அகலம் 250 என்று சொன்ன தயக்கமான அணிக்கு −6.2. இங்கே துணிச்சலுக்குச் சிறு பரிசு உண்டு. உண்மை எண் 2,200 ஆகிவிட்டால் நிலைமை தலைகீழ். உறுதியாகச் சொன்ன அணி −10.7க்குச் சரியும், தயங்கிய அணி −7.6இல் நிற்கும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதற்கான தண்டனை, தெரிந்ததை அடக்கிச் சொல்வதற்கான தண்டனையைவிடப் பல மடங்கு பெரிது. நோயாளியிடம் பேசும் மருத்துவருக்கும் இதே கணக்குத்தான் என்பதால், மருத்துவக் கணிப்பு நிரல்கள் எல்லாவற்றையும் இப்படி மதிப்பிட்டால் நன்றாயிருக்கும்.

முடிவுகள் படிப்பினை நிறைந்தவை. போட்டி முழுவதும் அதிகம் பகிரப்பட்ட அணுகுமுறைகள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு நோயாளிக்கும் எஃப்விசி நேர்கோட்டில் இறங்குகிறது என்று கொண்டு, அந்தக் கோட்டின் சரிவை மட்டும் ஸ்கேனிலிருந்து நரம்பணு வலை கணிப்பது. மற்றொன்று, படத்தையே பார்க்காமல் வயது, புகைப்பழக்கம், முதல் எஃப்விசி ஆகிய அட்டவணை எண்களைக் கொண்டு மேல் எல்லை, கீழ் எல்லை, நடு மதிப்பு மூன்றையும் கணிப்பது. இரண்டையும் கலந்தவர்கள் முன்னணியில் வந்தார்கள். இடைக்காலப் பட்டியலில் உச்சியில் இருந்த பலர் இறுதியில் நூற்றுக்கணக்கான இடங்கள் கீழே விழுந்தார்கள். இடைக்காலப் பட்டியல் மறைத்துவைத்த தரவின் சிறு பகுதியைக் கொண்டே கணக்கிடப்பட்டது. அந்தச் சிறு பகுதியின் தற்செயல்களுக்கு ஏற்பத் தங்கள் நிரலை நெரித்துச் செதுக்கியவர்களுக்கு அதுவே வினையாயிற்று. 176 நோயாளிகள் என்பது ஒரு நரம்பணு வலையின் பசிக்குக் கொஞ்சமும் போதாது.

தரவின் அளவைவிடவும் அதில் யார் இல்லை என்பது பெரிய குறை. எஃப்விசி வரிசையில் கடைசி எண்வரை கொடுத்தவர் அதுவரை உயிரோடு இருந்தவர், மருத்துவமனைக்கு வந்து ஊதும் அளவுக்குத் தெம்புள்ளவர். வேகமாகச் சரிந்தவர்களின் வரிசை நடுவிலேயே நின்றுவிடுகிறது. வந்த எண்களை மட்டும் கற்கும் நிரலுக்கு, நோய் உண்மையில் இருப்பதைவிட மெதுவானதாகத் தோன்றும். எஃப்விசி சரிவையும் இறப்பையும் ஒன்றோடொன்று பிணைத்துக் கணக்கிடும் கூட்டு மாதிரிகள் புள்ளியியலில் உண்டு. படத்தைப் பயன்படுத்தும் பல ஆய்வுகள் அந்தத் தொல்லைக்குள் இறங்குவதில்லை.

திடீர்ச் சரிவு இன்னொரு தனிச் சிக்கல். மருத்துவத்தில் தீவிர மோசமடைதல் எனப்படும் இந்த நிலையில், சில நாட்கள் அல்லது வாரங்களில் நுரையீரல் முழுவதும் புதிய மங்கல் பரவி மூச்சுத்திணறல் முற்றுகிறது. அதற்குப் பின் பாதிப்பேர் மூன்று, நான்கு மாதங்களைத் தாண்டுவதில்லை. எஃப்விசி ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம் என்பதைத் தவிர, எவருக்கு எந்த மாதம் என்று சொல்ல நம்பகமான வழி இல்லை. நேர்கோடு வரையும் எந்த மாதிரியும் இதைக் காணாது. இங்கே நேர்மையான நிரல் செய்யக்கூடியது அகலத்தை விரிப்பது மட்டுமே.

படத்தை எடுத்த கருவியும் கணிப்பில் தலையிடுகிறது. ஒரே நுரையீரலை வேறு நிறுவனத்தின் இயந்திரத்தில், வேறு கூர்மைப்படுத்தும் முறையில் மறுவுருவாக்கினால் நுண்ணமைப்பு மாறிவிடும். நோயாளி மூச்சை முழுதாக இழுக்காவிட்டால் அடிநுரையீரல் அடர்ந்து தெரியும். தழும்பையும் பாதி மூச்சையும் நிரல் குழப்பிக்கொள்ளும். குறுக்குவழி கற்பதும் உண்டு. நோய் முற்றியவர்கள் ஒரு குறிப்பிட்ட மருத்துவமனைக்கே அனுப்பப்பட்டிருந்தால், அந்த மருத்துவமனையின் இயந்திரத்தை அடையாளம் காண்பதே நிரலுக்குப் போதும். கோவிட் காலத்தில் மார்புப் படங்களிலிருந்து நோயைக் கண்டறிவதாகவும் போக்கைக் கணிப்பதாகவும் ஏராளமான நிரல்கள் வெளியாயின. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2021இல் அவற்றைச் சலித்து, தரமான விவரம் தந்த 62 ஆய்வுகளை நுணுகிப் பார்த்தார்கள். மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

நிரலின் தரத்தைச் சொல்லும் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. வரிசைப்படுத்தும் திறன் என்ற அளவு 0.5 என்றால் நாணயம் சுண்டியது போல, 1 என்றால் பிழையே இல்லை. காப் குறியீடு 0.7ஐ ஒட்டி நிற்கிறது. இரு நோயாளிகளில் யார் முதலில் மோசமாவார் என்பதை மட்டுமே இந்த எண் சொல்கிறது. ஒரு நோயாளியிடம் 30 விழுக்காடு அபாயம் என்று சொன்னால், அப்படிச் சொல்லப்பட்ட நூறு பேரில் உண்மையில் முப்பது பேருக்கு அது நடக்கிறதா என்பது வேறு சோதனை. வரிசை சரியாக இருந்தும் அபாய எண்கள் எல்லாமே இரட்டிப்பாக இருக்கலாம். ஆய்வுக் கட்டுரைகள் முதல் எண்ணைப் பெருமையோடு சொல்கின்றன. இரண்டாவதைப் பலவேளை பின்னிணைப்பில் தேட வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கு இந்த நிரல்களைக் கொண்டுவரும்போது கேள்விகள் கூடுகின்றன. 27 மையங்களில் 1,084 நோயாளிகளைச் சேர்த்து 2017இல் வெளியான இந்திய இடைத்திசு நுரையீரல் நோய்ப் பதிவேட்டில், ஐபிஎஃப் உள்ளவர்கள் 13.7 விழுக்காடு மட்டுமே. கிட்டத்தட்ட பாதி, 47.3 விழுக்காடு, ஒவ்வாமை சார்ந்த நுரையீரல் அழற்சி. புறா எச்சம், பூஞ்சை, தூசு போன்றவற்றை நாள்பட மூச்சோடு இழுப்பதால் உடலின் எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டு வருவது இது. அந்த நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் ஏர்கூலர் பயன்படுத்தியவர்கள். நாள்பட்ட நிலையில் இதன் ஸ்கேன் ஐபிஎஃப் போலவே தோன்றக்கூடும். ஆனால் சிகிச்சை வேறு. காரணப்பொருளை விட்டு விலகுவதும், பல நேரங்களில் ஸ்டீராய்டும் இங்கே உதவும். ஐபிஎஃப் பெரும்பான்மையாக இருந்த மேலைநாட்டுத் தரவில் பயின்ற நிரல், புறாக்கூண்டை அகற்றியதும் நிலைபெறப்போகும் ஒருவருக்கு வேகமான சரிவைக் கணித்துவிடக்கூடும். வீட்டில் ஏர்கூலர் இருக்கிறதா என்பது எந்த ஸ்கேனிலும் தெரியாது.

எஃப்விசி விழுக்காட்டிலும் இனக்கணக்கு ஒளிந்திருந்தது. ஆசியர்களுக்கு எதிர்பார்ப்பு அளவை 4 முதல் 6 விழுக்காடு குறைத்துக் கணக்கிடும் வழக்கம் அமெரிக்க ஆய்வகங்களில் நெடுநாள் இருந்தது. 2023இல் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் எல்லா இனத்துக்கும் பொதுவான சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. ஒரே ஊதல், ஒரே மி.லி., ஆனால் விழுக்காடு வேறு. பழைய விழுக்காட்டில் பயின்ற நிரலுக்குப் புதிய விழுக்காட்டைக் கொடுத்தால் அது வாய் திறந்து எதுவும் சொல்லாது, தவறான விடையை மட்டும் தரும்.

இத்தனை குறைகளோடும் கணிப்பு பயன்பட்டுத்தான் வருகிறது, குறிப்பாக மருந்தாய்வில். ஓராண்டில் சரிய வாய்ப்பில்லாத நோயாளிகளைச் சேர்த்தால், நல்ல மருந்தும் பயனற்றதாகத் தோன்றும். காலிப்பரின் இரத்தக்குழாய் அளவு நுரையீரல் கொள்ளளவில் 4.4 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், ஆய்வுக்குத் தேவையான நோயாளிகளின் எண்ணிக்கையை நான்கில் ஒரு பங்கு குறைக்கலாம் என்று ஜேக்கப் குழு கணக்கிட்டது. இங்கே தனிநபர் கணிப்பு தவறினாலும் கூட்டத்தின் சராசரி சரியாக இருந்தால் போதும். இந்த நிரல்கள் முதலில் வேரூன்ற ஏற்ற இடம் இதுதான்.

தனிநபரின் உயிர் நேரடியாகக் கணிப்பில் தொங்கும் இடம் நுரையீரல் மாற்று அறுவைக்கான காத்திருப்புப் பட்டியல். அமெரிக்காவில் 2005 வரை காத்திருந்த காலமே வரிசையைத் தீர்மானித்தது. மெதுவாக நகரும் நோயுள்ளவர்கள் முறை வரும்வரை பிழைத்திருந்தார்கள், ஐபிஎஃப் நோயாளிகள் பலர் வரிசையிலேயே இறந்தார்கள். அந்த ஆண்டில் வந்த புதிய மதிப்பெண், மாற்று நுரையீரல் கிடைக்காவிட்டால் ஓராண்டில் எவ்வளவு நாள் வாழ்வார், கிடைத்தால் எவ்வளவு நாள் வாழ்வார் என்ற இரு கணிப்புகளை எடைபோட்டது. ஐபிஎஃப் நோயாளிகளுக்கு முன்னுரிமை கூடியது. 2023இல் அதன் இடத்துக்கு வேறொரு கூட்டு மதிப்பெண் வந்தது. அவை எளிய புள்ளியியல் சமன்பாடுகள்தான். ஸ்கேனைப் படிக்கும் ஆழ்கற்றல் நிரல் அந்த இடத்துக்கு வர வேண்டுமானால், ஒரு நோயாளியை ஏன் பின்னுக்குத் தள்ளியது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்.

மருந்து கொடுக்கும் முடிவில் சிக்கல் வேறு விதம். 2022இல் திருத்தப்பட்ட பன்னாட்டு வழிகாட்டுதல், ஐபிஎஃப் அல்லாத தழும்பு நோய்களில் வேகமாக முன்னேறுபவர்களை அடையாளம் காண மூன்று அளவுகோல்களைத் தந்தது. அறிகுறி மோசமாவது, ஓராண்டில் மூச்சுச் சோதனை குறிப்பிட்ட அளவு சரிவது, ஸ்கேனில் தழும்பு கூடுவது. இவற்றில் இரண்டு இருந்தால் நின்டெடானிப் போன்ற மருந்தைப் பரிசீலிக்கலாம். அதாவது, நுரையீரல் இழப்பு நடந்தபின்தான் மருந்து என்ற நிலை. போன திசு திரும்பாது என்பதால், அந்த ஓராண்டைக் காத்திருக்காமல் முதல் ஸ்கேனிலேயே சொல்ல முடிந்தால் அது பெரிய லாபம். வயிற்றுப்போக்கும், ஈரல் நொதி உயர்வும், விலையும் கொண்ட மருந்தைத் தேவையில்லாத ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துவிடுவது எதிர்ப்பக்க இழப்பு.

மருந்துகள் பரவுவதே கணிப்பின் அடித்தளத்தையும் மாற்றுகிறது. 2014க்கு முன் திரட்டிய தரவில் இருந்தவர்கள் நோயின் இயல்பான வேகத்தைக் காட்டினார்கள். இன்று கிளினிக்குக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே மருந்தில் இருக்கிறார்கள், அவர்களின் சரிவு ஏறத்தாழ பாதி. பழைய கோட்டைக் கற்ற நிரல் இன்றைய நோயாளிக்கு அளவுக்கு மீறிய இருட்டைக் காட்டும். இன்றைய தரவை மட்டும் கற்றது, மருந்தைத் தாங்க முடியாமல் நிறுத்தியவருக்கு மிகையான நம்பிக்கை தரும். நெராண்டோமிலாஸ்ட் என்ற புதிய மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு முடிவுகள் 2025இல் வெளியாயின. அது பரவும்போது கோடு இன்னொருமுறை நகரும். ஆகவே மருத்துவமனையில் நிறுவப்படும் எந்த நிரலுக்கும், தான் சொன்ன அபாயத்தையும் பின்னர் உண்மையில் நடந்ததையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு, அகலங்களை மீண்டும் சரிசெய்யும் ஏற்பாடு உடன் இருக்க வேண்டும்.